பூங்காவில் நான் வைத்த கல்

எங்கள் காலனிப் பூங்காவின் வாசலில் ஒரு அறிவிப்புப் பலகை உண்டு. பூப் பறிக்கக் கூடாது, புல்லில் நடக்கக் கூடாது, எச்சில் துப்பக் கூடாது என்று வரிசையாக எழுதியிருக்கும். உள்ளே பூவும் கிடையாது, புல்லும் கிடையாது. எச்சில் மட்டும் தாராளம். பாக்கு மென்ற வாயோடு எவனோ அந்தப் பலகை மேலேயே துப்பி வைத்திருந்தான். அது வழிந்து, காய்ந்து, வெயிலில் கறுத்துப்போன பிறகு அதன் மேல் இன்னொருவன் துப்பியிருந்தான். நான்கு மாதம் தினமும் இரண்டு வேளை அந்தப் பலகையைத் தாண்டித்தான் உள்ளே போனேன். ஒரு நாள்கூட முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் போனதில்லை.

எனக்கு அருவருப்பு கொஞ்சம் அதிகம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். டவுன் பஸ்ஸில் கம்பியைச் சேலைத் தலைப்பால்தான் பிடிப்பேன். ஹோட்டலில் டம்ளரை மூன்று முறை அலசாமல் வாயில் வைக்க மாட்டேன். "இவ தண்ணியவே கழுவித்தான் குடிப்பா" என்று என் வீட்டுக்காரர் போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அப்படிப்பட்டவளை அந்தப் பூங்காவுக்குள் இழுத்துக்கொண்டு போனது அவருடைய இடது கால்.

அவர் சொந்தமாக ஒரு மினி லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். பரவை மார்க்கெட்டில் காய்கறி ஏற்றி ஊர் ஊராக இறக்குவார். முகூர்த்த நாட்களில் அழகர்கோவில் பக்கம் கிடா விருந்துக்கு அண்டாவும் ஆட்களும் ஏற்றிப்போவார். மாசி மாதத்தில் ஒரு காலை, பல் விளக்கிக்கொண்டிருந்தவர் பிரஷ்ஷைக் கீழே போட்டார். குனிந்து எடுக்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. இடது பக்கம் மொத்தமும் விழுந்துவிட்டது. பேச்சு குழறியது. ஐம்பது வயது ஆகவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு வாரம் இரண்டு நாள் பிசியோதெரபி செய்ய ஒரு பெண் வீட்டுக்கு வருவாள். முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டாள்.

"அண்ணே, மொத ஆறு மாசந்தான் முக்கியம். அதுக்குள்ள எம்புட்டு நடக்குறீங்களோ அம்புட்டுக் காலு வரும். அதுக்கப்புறம் வாரது ரொம்பக் கஷ்டம்."

ஆறு மாதம் என்றால் ஆடி வரைக்கும். நான் காலண்டரில் வட்டம் போட்டுக்கொண்டேன். ஒரு தனியார் பள்ளியின் அலுவலகத்தில் எனக்கு எழுத்தர் வேலை. வேலைக்குப் போகும் முன் ஒரு நடை, வந்த பிறகு ஒரு நடை என்று முடிவு செய்தேன். அவர் திரும்ப வண்டியில் ஏறி க்ளட்சை மிதிக்க வேண்டும். அதற்கு அந்தக் கால் வேண்டும். வேறு யோசனையே அப்போது எனக்கு இல்லை.

தண்ணீருக்குள் நடந்தால் இன்னும் நல்லது, உடம்பு லேசாக இருக்கும் என்றாள் அந்தப் பெண். விசாரித்து ஒரு நீச்சல் குளத்துக்கு ஆட்டோ பிடித்துப் போனோம். பெயர்தான் நீச்சல் குளம். தண்ணீர் அரிசி கழுவிய நிறத்தில் இருந்தது. ஓரத்தில் முடிக் கற்றை ஒன்று, யாரோ காயத்துக்கு ஒட்டியிருந்த பிளாஸ்திரி ஒன்று, கிழித்த ஷாம்பு பாக்கெட்டுகள். எல்லாம் சேர்ந்து மிதந்தன. குளிக்காமல் இறங்கக் கூடாது என்று எழுதிப் போட்டிருந்த இடத்தில் ஷவருக்குத் தலையே இல்லை. ஒரு ஆள் நீந்தி வந்து, எங்கள் காலடியில் நின்று, அந்தத் தண்ணீரையே வாயில் அள்ளிக் கொப்பளித்து, திரும்ப அதிலேயே துப்பினார். கண்ணெதிரே துப்பினார். நான் காவலுக்கு இருந்தவரிடம் கத்தினேன்.

"அம்புட்டுத் தண்ணிக்கு ஒரு வாய் எச்சில் எம்மாத்திரங்க? குளோரின் போட்டுருக்குல்ல" என்றார் அவர், ஆறுதல் சொல்வது போல.

என் வீட்டுக்காரர் தன் குழறும் வாயால் சொன்னார். "நான் நீச்சல் படிச்ச கெணத்துல பாம்பு கெடந்துச்சு, தவளை கெடந்துச்சு. அதுக எதுவும் கொப்புளிச்சுத் துப்பலை. வா, போவம்."

படியில் இறங்கக் கைப்பிடிக் கம்பியும் இல்லை. அதோடு தண்ணீர் யோசனை முடிந்தது. தெருவில் நடக்கலாம் என்றால் மூடியில்லாத சாக்கடை, நாய், குறுக்கே பாயும் பைக். மிச்சம் இருந்தது காலனிப் பூங்காதான். அதைச் சுற்றி ஒரு நடைபாதை உண்டு. கல் பதித்தது, மேடுபள்ளம் இல்லாதது, ஒரு சுற்று ஏறக்குறைய இருநூறு தப்படி. இந்த ஊரில் ஒரு நோயாளி நடப்பதற்குச் சமமான தரை அது ஒன்றுதான் எங்களுக்குக் கிடைத்தது.

அந்தப் பூங்காவையும் சொல்லிவிடுகிறேன். குழந்தைகள் விளையாட நடுவில் ஒரு ஆழமில்லாத குளம் கட்டி, உள்ளே நீலப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். திறப்பு விழா அன்று அதில் தண்ணீர் நிரப்பி ஊற்றுப் பீச்சியடிக்க விட்டார்கள். அத்தோடு சரி. அப்புறம் அதில் தண்ணீரை யாரும் பார்க்கவில்லை. பிரியாணிப் பொட்டலம், குடித்துவிட்டு உடைத்த பாட்டில், அதற்கு மேல் சொல்ல என் வாய் கூசுகிறது. பக்கத்தில் சிமெண்ட் மான் ஒன்று தலையில்லாமல் நிற்கும். கழிப்பறை உண்டு. ஆண் படமும் பெண் படமும் அழகாக வரைந்து, கட்டிய நாளிலிருந்து பூட்டியே கிடந்தது. சாவி யாரிடம் என்று கேட்டால் ஒவ்வொருவரும் இன்னொருவரைக் கைகாட்டினார்கள்.

கழிப்பறை பூட்டியிருந்தால் ஆண்களுக்கு என்ன கஷ்டம்? தென்மேற்கு மூலையில், வேப்பமரத்துக்குப் பின்னால் இருந்த சுவர் அவர்களுக்குப் போதும். கடைக்கு வருகிறவன், ஆட்டோக்காரன், வாக்கிங் வருகிறவன், எல்லாரும் அங்கேதான். நடைபாதை அந்தச் சுவரை ஒட்டித்தான் திரும்பும். பங்குனி வெயிலில் அந்த மூலையின் நாற்றம் கண்ணைக் கரிக்கும். என் ஒரு கை அவர் இடுப்பைப் பிடித்திருக்கும், இன்னொரு கை அவர் இடது முழங்கையைத் தாங்கியிருக்கும். மூக்கைப் பொத்த எனக்குக் கை கிடையாது. மூச்சை அடக்கிக்கொண்டு அந்த இருபது தப்படியையும் கடப்பேன். நான் வருவது தெரிந்தும் ஒருவன்கூடத் திரும்ப மாட்டான், அவசரப்பட மாட்டான். சிலர் போனில் பேசிக்கொண்டே நிற்பார்கள்.

அப்படியும் கால் வந்தது. முதல் நாள் கால் சுற்று. இருபது நாளில் ஒரு முழுச் சுற்று. பாதம் தொங்கிப்போகாமல் இருக்கக் கணுக்காலுக்கு ஒரு பிளாஸ்டிக் பட்டை போட்டு, அதன் மேல் ஷூவைக் கட்டிவிடுவேன். அதை மாட்டவே பத்து நிமிஷம் ஆகும். சித்திரைத் திருவிழாவுக்கு ஊரே ஆற்றங்கரைக்குப் போயிருந்த அன்று, ஆளில்லாத பூங்காவில் அவர் மூன்று சுற்று நடந்தார். "அழகரு ஆத்துல எறங்கிட்டாரு, நான் பூங்காவுல எறங்கிட்டேன்" என்றார். அன்றுதான் நான் முதன்முறையாகத் தைரியமாக இருந்தேன்.

அதற்கு நாலாம் நாள் அவர் விழுந்தார். அந்த மூலையில்தான். நடைபாதை வரைக்கும் ஓடி வந்திருந்த ஈரத்தில், அவர் வலது கையில் பிடித்திருந்த ஊன்றுகோல் வழுக்கிவிட்டது. அவர் உள்ளங்கை இரண்டும் அதில் பதிந்தன. என் சேலையும் அதில் நனைந்தது. அடி பலமில்லை. ஆனால் அந்தக் கைகளை வீட்டில் மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினேன். மாநகராட்சி அலுவலகத்தில் புகார் எழுதிக் கொடுத்தேன். ஒரு ஆள் வந்து "இங்கு சிறுநீர் கழிக்காதீர்" என்று சுவரில் எழுதிவிட்டுப் போனார். மறுநாள் அந்த எழுத்து நனைந்திருந்தது.

இந்த ஊரில் சுவரைக் காப்பாற்ற என்ன செய்வார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். சாமி படம் போட்ட டைல்ஸை வரிசையாகப் பதித்துவிடுவார்கள். சட்டத்துக்கு அடங்காதவன் அதற்கு அடங்குவான். எனக்கு டைல்ஸ் பதிக்க யாரும் அனுமதி தரப்போவதில்லை. எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் ஒரு கல் கிடந்தது. மேட்டில் வண்டியை நிறுத்தினால் பின்னால் உருளாமல் இருக்கச் சக்கரத்துக்கு அண்டை கொடுக்க அவர் வைத்திருந்த கல். அழகர்மலை அடிவாரத்தில் எடுத்தது. ஒரு பக்கம் சக்கரம் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாகியிருக்கும். கிளம்பும்போது மறக்காமல் எடுத்து வண்டியில் போட வேண்டும் என்று ஒரு ஓரத்தில் வெள்ளைப் பெயிண்டால் கோடும் போட்டிருந்தார். பதினைந்து வருஷம் வண்டியோடு சுற்றியது, இப்போது வண்டியைப் போலவே சும்மா கிடந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை, பால் வாங்கப் போகிற சாக்கில் அதைக் கட்டைப்பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனேன். பூங்கா கேட் அப்போதுதான் திறந்திருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, வேப்பமரத்தடியில் நட்டு நிறுத்தினேன். வெள்ளைக் கோடு மரத்துப் பக்கம். மஞ்சளைக் குழைத்துப் பூசி, குங்குமம் வைத்து, ஒரு முழம் சிவப்புத் துணி சுற்றி, எலுமிச்சம்பழம் ஒன்றை அறுத்து இரண்டு பக்கமும் வைத்தேன். பயமாகத்தான் இருந்தது. சாமியிடம் விளையாடுகிறோமே என்று மனதுக்குள் மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன்.

மருந்து கேட்டது. மறுநாள் காலை ஒருவன் சுவரை நோக்கி வேகமாகப் போனான். பாதி வழியில் கல்லைப் பார்த்தான். விறைத்து நின்றான். அவிழ்த்த கையாலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டு, பின்னோக்கியே நடந்து போய் நீலக் குளத்தில் நின்றான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒரே வாரத்தில் மூலை காய்ந்தது. வேப்பம்பூ வாசனை அங்கே இருந்ததே அப்போதுதான் தெரிந்தது. என் வீட்டுக்காரரும் அந்தக் கல்லை நின்று பார்த்தார், பிறகு ஊன்றுகோலை எடுத்து வைத்து நடந்தார். வைகாசி பாதியில் ஐந்து சுற்று நடந்தார். அதில் ஒரு சுற்று நான் பிடிக்காமலே.

நான் செய்த தப்பு, கல் கல்லாகவே இருக்கும் என்று நினைத்தது.

மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் பூ வாங்கிவந்து எங்கள் தெருவில் விற்கும் அக்கா ஒருவர், மிஞ்சிய கதம்பத்தை ஒரு மாலையாகக் கட்டி அதற்குப் போட்டார். வெள்ளிக்கிழமை விளக்கு வந்தது. ஒருவர் முனி என்றார், இன்னொருவர் அம்மன் என்றார். பூக்கார அக்காவுக்கே அருள் வந்து, "நான் முனிடா, நடக்குறவங்களுக்குத் துணையா வந்துருக்கேன்" என்று சொன்ன பிறகு அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. காலனிச் சங்கத்தில் பொறுப்பாக இருந்த ஒரு பெரியவர் தகரக் கூரை போட்டார். சிமெண்ட் மேடை வந்தது. மேடையைச் சுற்றிப் பளபளப்பான டைல்ஸ் வந்தது. டைல்ஸ் நடைபாதையையும் சேர்த்து மூடியது. "காலணியைக் கழற்றவும்" என்று பலகை வைத்தார்கள். சர்க்கரைப் பொங்கலைத் தின்றுவிட்டு இலைத் தொன்னையை நடைபாதையில் எறிந்தார்கள். ஈயும் நாயும் மொய்த்தன. என்னால் போன நாற்றத்தின் இடத்தில் புளித்த நாற்றம் வந்தது.

காலணியைக் கழற்றித் திரும்ப மாட்ட அவருக்குப் பத்து நிமிஷத்துக்கு மேல் ஆகும். உள்ளே இருக்கும் பட்டை இல்லாமல் பாதம் தொங்கும். ஆகவே டைல்ஸுக்கு முன்னாலேயே நின்று திரும்ப வேண்டியதாயிற்று. நேராக நடப்பதை விட அவருக்குத் திரும்புவதுதான் கஷ்டம். ஐந்து சுற்று நடந்தவர் ஆனியில் அரை வட்டமாகப் போய்ப் போய்த் திரும்பினார். சங்கத்துப் பெரியவரிடம் போய், நோயாளி ஒருவருக்கு மட்டும் ஷூவோடு விடுங்கள் என்று கெஞ்சினேன்.

"சாமிக்கு முன்னாடி எல்லாரும் ஒண்ணுதாம்மா. அவருக்குக் காலு வரணும்னா இவருகிட்டயே வேண்டிக்கங்க" என்றார்.

ஒரே ஒரு நல்லது நடந்தது. கழிப்பறையைத் திறந்தார்கள். பொங்கல் அண்டாவையும் மைக் செட்டையும் உள்ளே வைத்து, புதுப் பூட்டாகப் போட்டுப் பூட்டினார்கள்.

ஆடி முதல் வெள்ளி. பூங்காவுக்குள் கூட்டம் இருக்கும், வேண்டாம் என்று நான் சொன்னேன். ஆறு மாதம் முடிய மூன்று வாரம்தான் இருக்கிறது, ஒரு நாளைக்கூட விடக் கூடாது என்று அவர் ஷூவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நோய் வந்ததிலிருந்து அவருக்குச் சிறுநீரை அடக்க முடியாது. வந்தால் வந்ததுதான். எப்போதும் வீட்டில் போகவைத்துவிட்டுத்தான் கூட்டிப்போவேன். அன்றும் அப்படித்தான். ஆனால் கூட்டத்தில் ஒதுங்கி ஒதுங்கி நடந்ததில் நேரம் ஆகிவிட்டது. சாமிக்கு எதிரே டைல்ஸ் ஓரத்தில் வந்து நின்றவர் என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"வருது."

கேட் நூறு தப்படி தள்ளி. கழிப்பறையில் அண்டா. எதிரே அந்தச் சுவர். நான் யோசிக்கவே இல்லை. சாமிக்குப் பின்னால் ஒதுக்குப்புறமாகச் சுவரோரம் அவரைக் கூட்டிப்போனேன். அவர் ஷூக்காலோடுதான் டைல்ஸைத் தாண்டினோம். ஒரு கையால் அவர் தடுமாறி அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"அய்யய்யோ, சாமி எடத்துல என்னய்யா பண்றே?" என்று பூக்கார அக்கா அலறினார். பொங்கல் கிளறிக்கொண்டிருந்தவர்கள் ஓடி வந்தார்கள். சங்கத்துப் பெரியவர் அவர் தோளைப் பிடித்து இழுத்தார். என் வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், நாக்குக் குழறியது.

"குடிச்சுருக்கான்யா! வெள்ளிக்கெழமையும் அதுவுமா குடிச்சுட்டு வந்துருக்கான்!" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான்.

அவர் குடித்ததே இல்லை. அந்த இடத்திலேயே, இத்தனை பேர் பார்க்க, கால்சட்டை நனைந்து ஷூவுக்குள் இறங்கியது. ஒரு பெண் சேலையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அந்த முகத்தை எனக்குத் தெரியும். அதே மூலையில் நான் எத்தனையோ நாள் வைத்திருந்த முகம். யாரோ ஒரு வாளி மஞ்சள் தண்ணீரைக் கொண்டுவந்து, அவர் நின்ற இடத்தில், அவர் இன்னும் அங்கே நிற்கும்போதே, ஊற்றினார்கள்.

அந்தக் கல்லை வைத்தது நான்தான் என்று அப்போது சொல்லியிருக்க வேண்டும். மரத்துப் பக்கம் திருப்பிப் பாருங்கள், வெள்ளைக் கோடு இருக்கும், அது இந்த மனிதருடைய வண்டிக் கல் என்று கத்தியிருக்க வேண்டும். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். "தெரியாம நடந்துருச்சு, மன்னிச்சுக்கங்க" என்றேன். விபூதியை நீட்டினார்கள். வாங்கிப் பூசிக்கொண்டேன். அவர் நெற்றியிலும் நானே பூசிவிட்டேன். பூங்காவில் பார்த்த எல்லா அசிங்கத்தையும் நான் வருஷக்கணக்கில் சொல்லுவேன். ஆனால் நினைத்தாலே குமட்டுவது என் விரல் அன்று அவர் நெற்றியில் இழுத்த அந்தக் கோடுதான்.

மறுநாள் காலை ஷூவை எடுத்துவைத்தேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்கு மறுநாளும் அப்படித்தான். ஹாலிலிருந்து பின்கட்டு வரைக்கும் பதினோரு தப்படி. அதோடு நடை முடிந்தது. ஆடி முடிந்ததும் பிசியோதெரபிப் பெண் ஒரு முழுச் சோதனை செய்தாள். காலைத் தூக்கச் சொன்னாள், மடக்கச் சொன்னாள், பாதத்தைத் தட்டிப் பார்த்தாள்.

"இம்புட்டுத்தாண்ணே. இதை விட்டுராமக் காப்பாத்திக்கங்க" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் பையை மூடினாள். அந்த வாரமே வண்டியை வாங்கிக்கொள்ள ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனான்.

அன்று மாலை அவர் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். "அந்தக் கல்லை வச்சது நான்தாங்க. உங்க வண்டிக் கல்லு. நாத்தம் தாங்காமத்தான் வச்சேன். நீங்க விழுந்துட்டீகளேன்னுதான் வச்சேன்." அழுகையில் எனக்கே என் பேச்சு புரியவில்லை.

"தெரியும்" என்றார்.

"எப்பத் தெரியும்?"

"மொத நாளே. பதினஞ்சு வருசம் எறக்கி ஏத்துன கல்லு. மஞ்சளப் பூசிட்டா எனக்கு அடையாளம் தெரியாதா?"

"அப்பயே சொல்லியிருக்கலாம்ல. எடுத்துட்டு வந்துருப்பேனே."

"அதுக்கப்புறந்தான் அந்த மூலையில நீ மூச்சு விட்டு நடந்த. அதான் விட்டுட்டேன்."

வலது கையால் தன் இடது முழங்காலைத் தடவினார். பிறகு, எனக்கு ஆறுதல் சொல்கிற குரலில், மெதுவாகச் சொன்னார்.

"முழு லோடு வண்டியவே மேட்டுல புடிச்சு நிப்பாட்டுன கல்லு புள்ள அது. அதுக்கு முன்னாடி போயி, என்னால ஒரு நிமிசம் அடக்க முடியலை பாரு."